நான்காம் வகுப்பு வீடுகள்

அயர்லாந்து என்றால் நம்மில் பலருக்கு ஒரே படம்தான் மனதில் வரும். பச்சைப் புல்வெளி, நடுவே வெள்ளையடித்த குட்டையான வீடு, வைக்கோல் கூரை, சிவப்புப் பூச்சுப் பூசிய பாதிக் கதவு, புகைபோக்கியில் மெல்லிய புகை. காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் இதைப் பார்த்திருப்போம். நர்ஸ் வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் அங்கே போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வாட்ஸப்பில் அனுப்புவதும் இதே படம்தான்.

படம் பொய்யல்ல. அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. சில இன்றும் இருக்கின்றன. ஆனால் 1841-இல் அயர்லாந்தில் மக்கள் குடியிருந்த 100 வீடுகளில் 37 வீடுகள் இந்தப் படத்தில் உள்ளதைப் போன்றவை அல்ல. அவை ஒரே அறை கொண்ட மண் குடிசைகள். பத்தே வருஷத்தில் அவற்றில் முக்கால்வாசிக்கு அருகில் கணக்கிலிருந்தே மறைந்துவிட்டன. எப்படி மறைந்தன என்பதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் அந்த நாட்டுக் கிராமத்து வீடு எப்படிக் கட்டப்பட்டது, அதில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஓய்வு பெற்ற பிறகு பழைய பிரெஞ்சுப் பயண நூல்களைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கிடைத்ததுதான் குஸ்தாவ் தெ போமோன் 1839-இல் வெளியிட்ட அயர்லாந்து பற்றிய நூல். இவர் தொக்வீலின் நெருங்கிய நண்பர். இருவரும் சேர்ந்து அமெரிக்காவின் சிறைகளைப் பார்வையிடப் போனவர்கள்; 1835-இல் அயர்லாந்துக்கும் சேர்ந்தே போனார்கள். அமெரிக்காவில் காட்டில் வாழ்ந்த செவ்விந்தியரையும் சங்கிலியில் கட்டப்பட்ட அடிமையையும் கண்ணால் பார்த்தவர் போமோன். அப்படிப்பட்டவர் அயர்லாந்து ஏழையின் நிலை அவற்றையும் மிஞ்சியது என்று எழுதினார். அந்த நூலில் ஒரு குடிசையைப் பற்றி வரும் சில வரிகள்தான் என்னை மேற்கொண்டு தேட வைத்தன. அதற்குப் பிறகு வருகிறேன்.

வீடு கட்டுவது

முதலில் இடம் பார்ப்பது. அயர்லாந்துக் கிராமத்தாருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்தாரிடம் பயம் உண்டு. நேரடியாகப் பெயர் சொல்லாமல் 'நல்லவர்கள்' என்பார்கள், நாம் பாம்பை நல்ல பாம்பு என்று சொல்வதைப் போல. அவர்கள் நடமாடும் வழியில் வீடு கட்டக்கூடாது. அதனால் மனையின் நான்கு மூலைகளிலும் கல்லையோ குச்சியையோ வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் அவை அசையாமல் இருந்தால் கட்டலாம். வீட்டை மேற்குப் பக்கமாக நீட்டுவது ஆகாது என்ற நம்பிக்கையும் பல இடங்களில் இருந்தது. மனையடி சாஸ்திரம் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

கட்டுவதற்குக் கொத்தனார், என்ஜினீயர் என்று யாரும் கிடையாது. அக்கம் பக்கத்தார் கூடி வந்து கட்டிக் கொடுப்பார்கள். ஒருவர் வேலைக்கு எல்லோரும் கூடி உழைக்கும் இந்தக் கூட்டத்துக்கு ஐரிஷ் மொழியில் 'மெஹல்' என்று பெயர். அறுவடைக்கும் அதே மெஹல்தான்.

சுவருக்கு, கல் கிடைக்கும் மேற்குப் பகுதியில் கல். மற்ற இடங்களில் மண். களிமண்ணில் வைக்கோலோ கோரையோ கலந்து, மிதித்துக் குழைத்து, ஒரு வரிசை வைத்துக் காயவிட்டு அதன் மேல் அடுத்த வரிசை வைப்பார்கள். சுவர் இரண்டடி கனம்கூட இருக்கும். ஒழுங்காகச் சுண்ணாம்பு அடித்து, மழைநீர் புகாமல் கூரையைக் காப்பாற்றினால் அந்த மண்சுவர் நூறு வருஷத்துக்கு மேலும் நிற்கும். கூரை ஒழுகத் தொடங்கினால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூரைக்கு மரம் வேண்டும். காடுகளெல்லாம் அதற்கு முன்பே வெட்டப்பட்டுவிட்டதால் மரத்துக்குப் பஞ்சம். சதுப்பு நிலத்துக்குள் ஆயிரக்கணக்கான வருஷமாகப் புதைந்து கிடந்த ஓக், பைன் மரங்களைத் தோண்டி எடுத்துக் கைமரமாகப் போட்டார்கள். நல்ல நீளமான மரம் கிடைப்பது அரிது என்பதால் வீட்டின் அகலமும் அதற்குள் அடங்கியது. உள்ளே 12 முதல் 15 அடிதான் இருக்கும்.

கைமரத்தின் மேல் நேராக வைக்கோல் போடுவதில்லை. புல்தரையை வேரும் மண்ணுமாக நீளமான பட்டையாக வெட்டி, பாயைப் போலச் சுருட்டிக் கொண்டுவந்து, கூரையின் மேல் விரிப்பார்கள். அதற்கு மேல்தான் கோதுமை, ஓட்ஸ் அல்லது ரை வைக்கோல், இல்லாவிட்டால் நாணல். உள்நாட்டில் ஹேசல் குச்சியைக் கொண்டை ஊசி போல வளைத்து வைக்கோலை அந்தப் புல்பாயோடு சேர்த்துக் குத்திவிடுவார்கள். அட்லாண்டிக் கரையில் அது போதாது. அங்கே வீசும் காற்றில் கூரையே பறந்துவிடும். ஆகவே கூரை முழுவதையும் கயிற்றால் வலை போலக் கட்டி, சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கல் முளைகளில் இழுத்துக் கட்டினார்கள். கடற்கரைக் காற்றின் வேகம் தெரிந்த நம் குப்பத்து ஜனங்கள் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

வீட்டுக்குள்

இந்த வீடுகளில் ஒரு பொது விதி உண்டு. ஓர் அறைக்குப் பின்னால் இன்னோர் அறை இருக்காது. வீட்டின் முழு அகலமும் ஒரே அறைதான். வசதி வந்தால் பக்கவாட்டில் இன்னோர் அறை சேர்த்து, ரயில் பெட்டி போல நீட்டிக்கொண்டு போவார்கள். நடைபாதை கிடையாது. நடுவில் இருப்பது சமையலறை. சமையல், சாப்பாடு, நூல் நூற்பது, விருந்தாளி உபசாரம், இறந்தவரைக் கிடத்திக் கண்விழிப்பது எல்லாம் அதில்தான்.

மேற்கிலும் வடமேற்கிலும் சமையலறைக்கு முன்னும் பின்னும் எதிரெதிராக இரண்டு வாசல்கள் இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தக் கதவைச் சாத்திவிட்டு எதிர்க் கதவைத் திறந்துகொள்வார்கள். கிழக்கிலும் தென்கிழக்கிலும் வேறு அமைப்பு. வாசலில் நுழைந்ததும் எதிரே ஒரு சிறிய மறைப்புச் சுவர்; அதற்கு அந்தப் பக்கம் கணப்பு. அந்தச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். கணப்பருகே உட்கார்ந்திருக்கும் பாட்டி எழுந்திருக்காமலே வருவது யார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

பாதிக் கதவின் உபயோகமும் இதுதான்: கீழ்ப்பாதியைச் சாத்தினால் குழந்தை வெளியே போகாது, கோழியும் பன்றியும் உள்ளே வராது, திறந்த மேல்பாதி வழியே வெளிச்சம் வரும். சன்னல் சிறியதாகவோ இல்லாமலோ இருந்த வீட்டில் வெளிச்சத்துக்கு அந்தக் கதவுதான். இரவில், கோரைத் தண்டின் உள்சோற்றை மிருகக் கொழுப்பில் தோய்த்து எரிக்கும் சின்ன விளக்கு.

மேற்குப் பகுதியில் பல வீடுகளில் மனிதர்களும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒரு முனையில் கணப்பு, மறு முனையில் தொழுவம். நடுவில் சுவர் கிடையாது. சாணமும் மூத்திரமும் வெளியேற ஒரு வாய்க்கால்தான் எல்லை. தரை மாட்டுப் பக்கமாகச் சரிந்திருக்கும். குளிர்காலத்தில் மாட்டுக்கு நெருப்பின் சூடு, மனிதருக்கு மாட்டின் சூடு. பட்டணத்து யாத்ரீகர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு பசுவை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது சொத்து முழுவதும். அதைக் கண் பார்வையில் வைத்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

வடமேற்கில் இன்னொரு ஏற்பாடு. கணப்புக்குப் பக்கத்தில் சுவரைச் சற்று வெளியே தள்ளிக் கட்டி, ஒரு கட்டில் அளவுக்கு மாடம் போல இடம் விடுவார்கள். அது வீட்டிலேயே கதகதப்பான இடம், வயதானவர்களுக்கு உரியது. கணப்புக்குப் பின்னால் தனியறை இருக்கும் வீட்டில் அதற்கு 'மேற்கு அறை' என்று பெயர். மகனுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வந்ததும், நிலத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிழவனும் கிழவியும் அந்த அறைக்குப் போய்விடுவார்கள். 1930-களில் கிளேர் மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்த அமெரிக்கர் கான்ராட் ஆரன்ஸ்பர்க் இதை விவரமாக எழுதியிருக்கிறார். என் வயதில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடலாம்.

நெருப்பு

வீட்டின் உயிர் நெருப்பில் இருந்தது. எரிபொருள் விறகல்ல, சதுப்பு நிலத்தில் மக்கிப் படிந்த தாவரங்களைச் செங்கல் போல வெட்டிக் காய வைத்து எரிப்பார்கள். 'டர்ஃப்' என்று பெயர். அந்த நெருப்பை அணைய விடுவதில்லை. இரவில் தணலின் மேல் சாம்பலை மூடிவிட்டு, காலையில் சாம்பலைத் தள்ளி ஊதுவார்கள். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வதேதான். சில வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரே நெருப்பு அணையாமல் இருந்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள்.

இரவில் ஊரார் யாராவது ஒருவர் வீட்டுக் கணப்பைச் சுற்றிக் கூடுவார்கள். கதை, பாட்டு, ஊர் வம்பு, ஒரு பிடில். வடக்கில் இப்படிப் போய்வருவதற்கு 'கேய்லி' என்று பெயர். அங்கே உட்கார்ந்து கேட்ட கதைகளைத்தான் 1935-இல் தொடங்கிய ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் பிற்பாடு ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தது.

பிரெஞ்சில் 'ஃபுவாயே' என்ற ஒரு சொல் உண்டு. அதற்குக் கணப்பு என்றும் பொருள், குடும்பம் என்றும் பொருள். பழைய பிரான்சில் ஓர் ஊரில் எத்தனை குடும்பம் என்பதை எத்தனை 'நெருப்பு' என்றே எண்ணினார்கள். அயர்லாந்திலும் அரசாங்கம் கணப்பைத்தான் எண்ணியது, ஆனால் வரி போடுவதற்காக. 1662-இல் வந்த சட்டப்படி ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். அந்த வரிப் பட்டியல்களை வைத்துத்தான் அக்கால அயர்லாந்தின் ஜனத்தொகையை வரலாற்றாசிரியர்கள் கணக்கிட முயல்கிறார்கள். அரசாங்கம் வரிக்காக எண்ணியதை வரலாறு வேறு காரியத்துக்கு உபயோகிக்கிறது.

நான்கு வகுப்புகள்

இனி நான் சொல்ல வந்த விஷயம். நான் உத்தியோகத்தில் இருந்தபோது சில வருஷம் வீட்டு வரிப் பதிவேடு எழுதியிருக்கிறேன். ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கும் போயிருக்கிறேன். சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, அறை எத்தனை என்று வாசலில் நின்று கேட்டுக் கட்டம் நிரப்பிய கை இது. அதனால் 1841-ஆம் வருஷத்து அயர்லாந்துக் கணக்கெடுப்பைப் பார்த்தபோது ஏதோ பழைய சக ஊழியர்களைச் சந்தித்தது போல இருந்தது.

அந்த வருஷம் ஜூன் 6-ஆம் தேதியைக் கணக்கு நாளாக வைத்து, பெரும்பாலும் போலீஸ்காரர்களைக் கொண்டு கணக்கெடுத்தார்கள். ஜனங்களை மட்டும் எண்ணாமல் வீடுகளையும் தரம் பிரித்தார்கள். மூன்று அளவுகோல்கள்: அறைகள் எத்தனை, சன்னல்கள் எத்தனை, சுவர் எவ்வளவு உறுதியான பொருளால் ஆனது. இதன்படி நான்கு வகுப்பு. ஒரே அறை கொண்ட மண் குடிசை நான்காம் வகுப்பு. மண்ணால் ஆனாலும் 2 முதல் 4 அறைகளும் சன்னல்களும் உள்ளது மூன்றாம் வகுப்பு. 5 முதல் 9 அறைகள் உள்ள நல்ல பண்ணை வீடு இரண்டாம் வகுப்பு. அதற்கு மேற்பட்டதெல்லாம் முதல் வகுப்பு. காலண்டரில் நாம் பார்க்கும் வீட்டில் இரண்டு மூன்று அறையாவது இருக்கும். அது அநேகமாக மூன்றாம் வகுப்பு.

நான்காம் வகுப்பு எப்படி இருந்தது? இங்கேதான் போமோன் உதவுகிறார். அவர் பார்த்தது காய்ந்த மண்ணால் ஆன நான்கு சுவர். மேலே கொஞ்சம் வைக்கோலோ புல்கட்டியோ. கூரையில் ஓர் ஓட்டை. அதுவும் பல சமயம் இல்லை, புகை வாசல் வழியாகவே போகும். அப்பா, அம்மா, பிள்ளைகள், சில வீட்டில் தாத்தா பாட்டி எல்லோருக்கும் அந்த ஒரே அறையில் ஒரே வைக்கோல் படுக்கை. கூடவே ஒரு பன்றி. பன்றியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம் என்கிறார் அவர். பன்றி இருந்தால் ஓரளவு வசதி என்று அர்த்தம். பன்றியும் இல்லாத குடிசையில்தான் உண்மையான வறுமை. காரணம், அந்தப் பன்றியை விற்றுத்தான் குத்தகை கட்டுவார்கள். 1845-இல் அறிக்கை கொடுத்த டெவன் கமிஷனும், குடிசை மழையைத் தாங்குவதில்லை, கட்டிலும் கம்பளியும் அபூர்வம் என்றே பதிவு செய்தது.

நல்ல மண்வீடு கட்டத் தெரிந்த ஜனங்கள் ஏன் இப்படி இருந்தார்கள்? சோம்பல் என்று சொன்ன வெளிநாட்டார் உண்டு. காரணம் குத்தகை முறையில் இருந்தது. கூலிக்காரனுக்குச் சொந்தமாக நிலம் இல்லை. ஒரு பருவத்துக்கு மட்டும் ஒரு துண்டு நிலத்தை எடுத்து உருளைக்கிழங்கு போடுவான். அதற்கான வாடகையைப் பல சமயம் உழைப்பாகவே கழிப்பான். சிறு குத்தகைக்காரர்களிலும் பலரை நிலச்சுவான்தார் நினைத்தபோது வெளியேற்றலாம். சன்னல் வைத்து, சுண்ணாம்பு அடித்து, வீட்டைச் சீராக்கினால் குத்தகை ஏறுமோ என்ற பயம். வெளியேற்றப்பட்டால் செய்த செலவுக்கு ஒரு காசு வராது. அதற்கு நஷ்டஈடு தரும் சட்டம் 1870-இல்தான் வந்தது. தனக்குச் சொந்தமில்லாத சுவருக்கு யார் வெள்ளையடிப்பார்கள்?

கடப்பாரை

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் விழுந்தது. 1846-இல் பயிர் அநேகமாக முழுவதும் அழிந்தது. வேறு சாப்பாடே இல்லாத லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியிலும் அதைத் தொடர்ந்து வந்த காய்ச்சலிலும் மாண்டார்கள். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள்; அதே அளவுக்கோ அதற்கு மேலோ கப்பலேறினார்கள். இந்தக் கதை பலருக்குத் தெரியும். வீடுகளுக்கு என்ன ஆயிற்று என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இரண்டு சட்ட விதிகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, ஏழை நிவாரண வரி. ஆண்டு மதிப்பு 4 பவுனுக்கு மேற்படாத நிலத்துக்கு அந்த வரியைக் குடியானவன் கட்ட வேண்டியதில்லை. நிலச்சுவான்தார் கட்ட வேண்டும். ஏழைக்கு உதவுவது போலத் தோன்றும் விதி. பஞ்சத்தில் வரி ஏறியபோது, இந்தச் சிறு குடிசைகள் இல்லாமல் இருந்தால் வரியே இல்லையே என்று நிலச்சுவான்தார்கள் கணக்குப் போட்டார்கள்.

இரண்டாவது, 1847-இல் வந்த கால் ஏக்கர் விதி. நம் கணக்கில் 25 சென்ட். அதற்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரசு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட்டுவிட வேண்டும். நிலத்தை விட்டால் பெரும்பாலும் வீடும் போயிற்று. இந்த விதியைக் கொண்டுவந்தவர் டப்ளின் எம்.பி. வில்லியம் கிரெகரி. இந்தப் பெயர் இலங்கை நண்பர்களுக்குப் பழக்கமானதாக இருக்கும். ஆமாம், 1872 முதல் 1877 வரை இலங்கையில் கவர்னராக இருந்த அதே கிரெகரிதான். கொழும்பு மியூசியத்தை உண்டாக்கியவர். அதன் முன்னால் அவர் சிலை நிற்கிறது. இலங்கையில் அவருக்கு நல்ல பெயர். அயர்லாந்தில் அவர் பெயர் அந்த 25 சென்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'கிரெகரி விதி' என்றே சொல்கிறார்கள்.

வெளியேற்றுகிற முறை இது. ஷெரீப்பும் போலீஸும் வந்து நிற்பார்கள். கூலிக்கு அமர்த்திய ஒரு கூட்டம் கடப்பாரையோடு வரும். ஜனங்கள் அதற்குக் 'கடப்பாரைப் படை' என்று பெயர் வைத்தார்கள். சாமான்களை வெளியே எறிந்து, கூரைக் கைமரத்தைப் பெயர்த்துச் சரித்துவிடுவார்கள். கூரை போனால் மண்சுவர் என்ன ஆகும் என்று முன்பே சொன்னேன். திரும்பி வந்து குடியேற முடியாது. சில குடும்பங்கள் இடிந்த வீட்டின் மூலையிலேயே பழைய மரத்தைச் சாய்த்து வைத்து அதன் கீழே தங்கின. அதற்கு 'ஸ்கால்ப்பீன்' என்று பெயர். வேறு சிலர் தரையில் குழி தோண்டி, மேலே குச்சியும் புல்கட்டியும் பரப்பி அதற்குள் இருந்தார்கள். 1849 டிசம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்று கிளேர் மாவட்டத்து மொவீன் கிராமத்தைப் படம் வரைந்து போட்டது. வரிசையாகக் கூரையில்லாத சுவர்கள். ஒரு பெருந்தீ பிடித்த ஊரைப் போல இருக்கிறது.

போலீஸ் இந்த வெளியேற்றங்களை எண்ணத் தொடங்கியதே 1849-இல்தான். அந்த வருஷம் முதல் 1854 வரை நிரந்தரமாக வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். அதற்கு முந்தைய வருஷங்களுக்கு முறையான கணக்கே வைக்கப்படவில்லை.

கூட்டிக் கழித்தால்

1851-இல் மறுபடி கணக்கெடுத்தார்கள். ஜனத்தொகை 81,75,124-லிருந்து 65,52,385 ஆகக் குறைந்திருந்தது. குடியிருந்த வீடுகளின் கணக்கைக் கீழே தருகிறேன். முதலில் 1841, பிறகு 1851.

முதல் வகுப்பு: 40,080 — 50,164
இரண்டாம் வகுப்பு: 2,64,184 — 3,18,758
மூன்றாம் வகுப்பு: 5,33,297 — 5,41,712
நான்காம் வகுப்பு: 4,91,278 — 1,35,589
மொத்தம்: 13,28,839 — 10,46,223

இதை விகிதமாக மட்டும் பார்த்தால் நல்ல முன்னேற்றம்! நான்காம் வகுப்பு 100-க்கு 37 ஆக இருந்தது 13 ஆகிவிட்டது. பத்து வருஷத்தில் மண் குடிசைகளை இவ்வளவு ஒழித்த அரசாங்கம் உண்டா என்று கேட்கத் தோன்றும்.

ஒரு குமாஸ்தா அப்படி நிறுத்திவிடக் கூடாது. ஒரு பத்தியில் குறைந்தது வேறு எந்தப் பத்தியில் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்காம் வகுப்பில் குறைந்தது 3,55,689. மூன்றாம் வகுப்பில் கூடியது 8,415; இரண்டாம் வகுப்பில் 54,574; முதல் வகுப்பில் 10,084. மூன்றையும் கூட்டினால் 73,073. கூடிய அத்தனை வீடுகளிலும் பழைய குடிசைக்காரர்களே குடியேறினார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மீதி 2,82,616 வீடுகள் எந்தப் பத்தியிலும் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் மேல் வகுப்புக்குப் போகவில்லை. புதைகுழிக்கும், ஏழை விடுதிக்கும், கப்பலுக்கும், பக்கத்து வீட்டு மூலைக்கும் போனார்கள்.

கணக்கெடுத்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களில் ஒருவர் டாக்டர் வில்லியம் வைல்ட், எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தந்தை. பஞ்சத்தில் இறந்தவர்களைப் பற்றி அவர் தொகுத்த அட்டவணைகளை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் நம்பிப் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் 1856-இல் வெளிவந்த பொது அறிக்கையில், பஞ்சத்தாலும் நோயாலும் ஜனங்கள் இவ்வளவு குறைந்திருந்தாலும் கணக்கெடுப்பின் முடிவுகள் மொத்தத்தில் திருப்திகரமானவை, நாட்டின் பொது முன்னேற்றத்தைக் காட்டுகின்றன என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். இந்த நடை எனக்கு நன்றாகத் தெரிந்த நடை. மேலதிகாரி படிக்கும் கடைசிப் பாராவில் 'திருப்திகரம்' என்ற சொல் இருந்தாக வேண்டும் என்பது எல்லா நாட்டு ஆபீஸ்களிலும் உள்ள வழக்கம். அந்த ஒரு சொல்லின் கீழ் 2,82,616 வீடுகள் மறைந்திருக்கின்றன.

பிறகு

உண்மையான முன்னேற்றம் அதற்கு வெகு காலம் கழித்து வந்தது. 1883-இல் வந்த தொழிலாளர் சட்டத்தின்படி கிராமத்துக் கூலிக்காரர்களுக்கு அரசுப் பணத்தில் வீடு கட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள். கல்சுவர், ஸ்லேட் கூரை, கூடவே காய்கறி போட அரை ஏக்கர் தோட்டம். பிறகு அதை ஒரு ஏக்கர் ஆக்கினார்கள். முதல் உலகப் போர் தொடங்குவதற்குள் 50 ஆயிரத்துக்கு நெருங்கி அப்படிப்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன. மண் குடிசையிலிருந்து மனிதர்கள் வெளியே வந்து வேறு வீட்டுக்குள் போனதாகச் சொல்லக்கூடியது இந்தக் காலம்தான்.

1841, 1851-இல் வீடு வீடாக எழுதிய படிவங்களைப் பார்க்கலாம் என்றால் முடியாது. 1922 ஜூன் 30-ஆம் தேதி, உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது அவற்றில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்ற பெயர்கள் போய்விட்டன. நான் மேலே கொடுத்த அச்சிட்ட மொத்தங்கள் மட்டும் மிஞ்சின.

1901, 1911-ஆம் வருஷத்துப் படிவங்கள் மட்டும் தப்பின. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வீட்டுக்கான படிவத்தைத் திறந்து பாருங்கள். சுவர் கல்லோ செங்கல்லோ என்றால் 1, மண் என்றால் 0. கூரை ஸ்லேட்டோ ஓடோ என்றால் 1, வைக்கோல் என்றால் 0. அறைக்கும் முன்பக்கச் சன்னலுக்கும் இதே போல எண்கள். எல்லாவற்றையும் கூட்டி வகுப்பு போட்டிருப்பார்கள். காலண்டரில் அவ்வளவு அழகாக இருக்கும் வைக்கோல் கூரைக்கு அந்தப் போலீஸ்காரர் போட்ட மதிப்பெண் பூஜ்யம்!

வீடுகளையே பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கிளேரில் பன்ராட்டி, பெல்ஃபாஸ்ட் அருகே அல்ஸ்டர் நாட்டார் மியூசியம் என்று இடங்கள் உண்டு. பழைய வீடுகளின் மாதிரிகளையும், கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய வீடுகளையும் பார்க்கலாம். ஆனால் உங்கள் பிள்ளைகள் அயர்லாந்தில் இருந்தால், அவர்களைப் பார்க்கப் போகும்போது ஒரு நாள் மேயோ மாவட்டத்தில் ஆகில் தீவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் 80, 100 கல்வீடுகள் கூரையில்லாமல் வரிசையாக நிற்கின்றன. கல் என்பதால் நிற்கின்றன. சுற்றிலும் சரிவில், உருளைக்கிழங்கு போட்ட பாத்திகளின் வரப்புகள் புல்லுக்கு அடியில் இன்னும் மேடும் பள்ளமுமாகத் தெரியும். நான்காம் வகுப்பு மண் வீடுகள் இருந்த இடங்களில் அந்த அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை. அவை கரைந்து வயலோடு போய்விட்டன.